ஆயுத பூஜையில் ஒரு டைமிங் பெல்ட்

மஸ்கட்டிலிருந்து வருகிறவன் பெட்டியில் என்ன இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். சென்ட் பாட்டில், ஆரஞ்சுப் பொடி, பாதாம், தைலம், சோப்பு. இந்த முறை அவை எல்லாம் கைப்பையின் ஒரு மூலைக்குப் போய்விட்டன. பெரிய பெட்டி முழுவதும் இரும்பு. ஒரு டீசல் ஜீப்பின் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்கு வேண்டிய கருவிகள். மூன்று லாக் பின்கள், கிராங்க் புல்லி சுற்றாமல் பிடித்துக்கொள்ள ஒரு நீளமான பட்டை, அதை இழுத்தெடுக்கும் புல்லர், போல்ட்டை எவ்வளவு முறுக்கினோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்க ஒரு மானி. ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, மேலே பெயர் எழுதி ஒட்டியிருந்தேன்.

நான் மெக்கானிக் அல்ல. மஸ்கட்டில் வண்டி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பர். இத்தனையும் என் மனைவியின் தம்பி ஜெயசீலனுக்காக. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அவனும் குமரேசன் என்ற நண்பனும் சேர்ந்து ஒரு ஷெட் வைத்திருக்கிறார்கள். நஞ்சப்பா என்று ஒருவர், மலைப்பக்கம் காப்பித் தோட்டமும் விருந்தினர் விடுதியும் உள்ளவர், தன்னிடமிருக்கும் ஆறு வெளிநாட்டு ஜீப்புகளில் ஒன்றை இவர்களிடம் விட்டிருந்தார். வேலை பிடித்தால் மற்ற ஐந்தும் வரும். வராவிட்டால் ஷெட்டை மூடிவிட்டு மஸ்கட்டுக்கு வந்துவிடுகிறேன், விசா எடுத்துக்கொடுங்கள் என்று சீலன் போனிலேயே சொல்லிவிட்டான். அவனுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. என் பிள்ளைகள் மூன்று வயதில் எப்படிப் பேசினார்கள் என்பதை நான் ஒலிநாடாவில்தான் கேட்டிருக்கிறேன். அவன் வரக்கூடாது என்பது என் ஆசை. அதை அவனிடம் சொல்லவில்லை. கருவிகளை வாங்கினேன்.

பெங்களூர் விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டை நின்றபோது என் பெட்டி மட்டும் வந்திருக்கவில்லை. பம்பாயில் விமானம் மாறியபோது ஏற்றவில்லையாம். புகார் எழுதிக்கொடுத்துவிட்டு வெறும் கைப்பையோடு வெளியே வந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சீலன் நின்றிருந்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தான்.

"பெட்டி எங்க மாமா?"

"பம்பாய்ல நிக்குது."

"ஏசுவே!" என்றான். பயணம் எப்படி இருந்தது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஆட்டோவில் அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். அல்சூர் ஏரி தாண்டியதும் மெதுவாக, "நான் பெல்ட்டக் கழட்டிட்டேன் மாமா" என்றான்.

"பின் போடாமலா?"

"நீங்க சொன்ன தேதி என்னிக்காவது தப்பியிருக்கா? அத நம்பித்தான் ஆரம்பிச்சேன். பக்கத்து ஷெட்ல புல்லர் வாங்கிக் கழட்டினேன். வெள்ள பெயிண்ட்ல மார்க் போட்டு வச்சிருக்கேன், ஒண்ணும் ஆவாது."

வண்டி வேலை தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். அந்த எஞ்சினின் முகப்பில் பல் வைத்த மூன்று சக்கரங்கள் இருக்கின்றன: கிராங்க், கேம், டீசல் பம்ப். மூன்றையும் சுற்றி ஒரே ரப்பர் பெல்ட் ஓடுகிறது. அதன் உட்புறமும் பல்தான். மூன்று சக்கரங்களும் ஒன்றுக்கொன்று தப்பாமல் சுற்றவேண்டும். ஒரு பல் தவறினால் வண்டி புகை கக்கும். சில பல் தவறினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் சக்கரங்களை அசையாமல் பூட்டுவதற்குத்தான் பின். பின் இல்லாதவர்கள் சக்கரத்திலும் எஞ்சின் உடம்பிலும் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்வார்கள். கோடு இருக்கும்வரை பயமில்லை.

அன்று சீலனின் மனைவி ஸ்டெல்லா தேங்காய்ப்பால் சாதமும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் செய்திருந்தாள். இரண்டு விமானங்களிலும் கிடைத்த ரொட்டிக்குப் பிறகு அந்தக் குழம்பு என்னை உட்கார்ந்த இடத்திலேயே தூங்கவைத்தது. கண்ணை மூடும்போது, "அங்க ரூம்ல எத்தன பேருண்ணா தங்குவாங்க?" என்று ஸ்டெல்லா கேட்டது காதில் விழுந்தது. தூங்கிவிட்டதுபோல இருந்துவிட்டேன்.

மறுநாள் பெட்டி வந்ததா என்று கேட்க நான் மட்டும் கிளம்பினேன். சீலன் எந்த லேத் பட்டறையிலாவது அவசரத்துக்குப் பின் கடைந்து தருவார்களா என்று பார்க்கப் போனான். பெங்களூர் பஸ்களில் எண்ணைக் கன்னடத்தில் எழுதுகிறார்கள். மஸ்கட்டில் அரபி எண்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்தவன் நான். இங்கே கன்னட மூன்றையும் ஏழையும் குழப்பிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்த திருப்தியில் கண்ணசந்தேன். விழித்தபோது பஸ் ஓசூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏர்போர்ட் வந்துடுச்சாம்மா?" என்று பக்கத்து சீட்டில் கூடையோடு இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"ஐய, ஏர்போர்ட்டா? அது அந்தாண்ட கோடிண்ணா. இது பொம்மனஹள்ளி" என்றவள் பின்சீட்டுக்குத் திரும்பி, "இவரு பிளேன் புடிக்கணுமாம்டி, நம்ம கம்பெனி பஸ் ஸ்டாப்ல எறங்கறாரு" என்றாள். பஸ்ஸில் பாதிப் பேர் தமிழில் சிரித்தார்கள். கண்டக்டர் கன்னடத்தில் சிரித்தார்.

இறங்கி ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து விமான நிலையத்துக்குப் பேசினேன். பெட்டி நாளைக்கு வரும், இன்று வரவேண்டாம் என்றார்கள். அதை வீட்டிலிருந்தே கேட்டிருக்கலாம்.

பக்கத்தில் நின்றபடி சாப்பிடும் ஓட்டல். ஒரு செட் தோசை வாங்கினேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். அதைக் குறையாகச் சொல்லும் தெம்புகூட இல்லை. காப்பி கவுண்டரில் எனக்கு முன்னால் நின்ற டை கட்டிய மனிதர் திரும்பி, "பை டூ?" என்றார். எனக்குப் புரியவில்லை. "ஒன் காபி, ரெண்டு பேர். எனக்கு ஃபுல் வேணாம், உங்களுக்கு?" என்றார். ஒரு காப்பியை இரண்டு தம்ளரில் சமமாக ஊற்றிக் கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டு என் பெயர்கூடக் கேட்காமல் போய்விட்டார். மஸ்கட்டில் ஒரே அறையில் பல வருஷம் இருந்தவர்களோடும் நான் ஒரு காப்பியைப் பங்குபோட்டதில்லை.

லிங்கராஜபுரம் திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. சீலன் எனக்கு முன்பே வந்திருந்தான். லேத் பட்டறைகளில் எல்லாம் ஒரே பதில். நாளைக்கு ஆயுத பூஜை, மெஷினைக் கழுவித் துடைத்தாகிவிட்டது, இனி தசமி கழித்துத்தான் ஓடும். இதை நான் நினைத்துப்பார்க்கவே இல்லை. சீலன் சும்மா இருக்கும் விடுமுறை நாட்களாகப் பார்த்துத்தான் லீவு போட்டிருந்தேன். ஊரில் எந்தக் கருவியும் ஓடாத நாட்களைத் தேடிப்பிடித்து அதற்குள் ஒரு எஞ்சின் வேலையை வைத்திருக்கிறேன்.

ஷெட் ஒரு பேக்கரிக்கும் மாதா கெபிக்கும் நடுவில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஜீப் பளபளவென்று நின்றது. தரை ஈரம். சுவரில் ஒட்டடை இல்லை. குமரேசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பிரஷ்ஷும் டீசல் டப்பாவுமாக எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"எப்பிடி மச்சா? பூஜைக்கு வண்டிய ரெடி பண்ணிட்டேன். முன்னாடி எஞ்சின பாரு. மூஞ்சி பாத்து தல சீவலாம்."

சீலன் பானெட்டுக்கடியில் குனிந்தான். நானும் எட்டிப்பார்த்தேன். மூன்று சக்கரங்களும் புதிதாகக் கடையில் வாங்கியவைபோல மின்னின. வெள்ளைக் கோடு எதிலும் இல்லை.

"குமரேசா, இதுல பெயிண்ட் இருந்துச்சே?"

"இருந்துச்சு. எவனோ அசிங்கமா பூசி வச்சிருந்தான். சுரண்டி எடுத்துட்டேன்."

"சக்கரத்தத் திருப்பினியா?"

"திருப்பாம பல்லு இடுக்கெல்லாம் எப்பிடித் தொடைக்கிறது?"

சீலன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தான். குமரேசன் பெயின்டரும் வெல்டரும். எஞ்சின் பக்கம் போகிறவன் அல்ல. கோடு போட்டதை அவனிடம் சொல்லவேண்டும் என்று சீலனுக்குத் தோன்றவில்லை. பூஜைக்கு முன்னால் ஷெட்டில் நிற்கும் எல்லா வண்டியையும் கழுவவேண்டும் என்பதைக் குமரேசனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கம்பெனி போட்ட குறிகளும் அந்த எஞ்சினில் இல்லை. எப்போதோ யாரோ சக்கரங்களை மாற்றியிருந்தார்கள். மஸ்கட்டில் வண்டி அழுக்காக இருந்தால் போலீஸ் அபராதம் போடும். கழுவியதால் ஒரு வண்டி நின்றுபோனதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

விஷயம் புரிந்ததும் குமரேசன் பிரஷ்ஷை டப்பாவுக்குள் போட்டான். "சொல்லியிருக்கலாமில்ல மச்சா" என்றான். "கேட்டிருக்கலாமில்ல" என்றான் சீலன். இனி பின்கள் வந்தால்தான் உண்டு.

ஆயுத பூஜையன்று நானும் சீலனும் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் பூசணிக்காயும் வாழைக்கன்றும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பெட்டி வந்திருந்தது. ஆனால் சுங்கத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் அது என்னவாகத் தெரிந்ததோ. எடைபோடும் இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தி சுற்றியிருந்தது. அதிகாரி ஒவ்வொரு துணியாகப் பிரித்தார். நான் ஒட்டியிருந்த பெயர்களை வாய்விட்டுப் படித்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"என்னடா சொல்றாரு?" என்றேன் சீலனிடம்.

"என் மச்சினன் துபாய்லேர்ந்து டிவி கொண்டு வந்தான், இந்த மனுஷன் பாவம் பழைய இரும்புக்கடை கொண்டு வந்திருக்காருன்னு சொல்றாரு."

"புதுசுன்னு சொல்லு."

"வேணாம் மாமா. பழசுன்னே இருக்கட்டும். டூட்டி போட்டுருவாங்க."

வாயை மூடிக்கொண்டேன். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் இருவருக்கும் பொரியும் ஒரு துண்டு தேங்காயும் கொடுத்தார்.

திரும்பிவரும் ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. டிரைவர் இலையை ஒதுக்கி ஒதுக்கி ரோட்டைப் பார்த்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் என் கால்கள் மரத்துப்போயின.

ஷெட்டில் பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. வாழையிலை விரித்து ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தான் குமரேசன். அந்த வரிசை எனக்கே பிடித்திருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. "புது டூல்ஸ். மொத பூஜை போட்டுத்தான் தொடங்கணும். கொண்டாங்கண்ணா" என்று பின்களை எடுத்து இலையில் நடுவாக வைத்தான். நான் தடுக்கவில்லை. கற்பூரம் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பூஜை முடியும் நேரத்தில் நஞ்சப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இனிப்புப் பெட்டி. ஜீப்பைச் சுற்றிவந்து பார்த்துப் பூரித்துப்போனார்.

"ஆஹா, ஷோரூம் வண்டி மாதிரி ஆக்கிட்டீரப்பா! ஸ்டார்ட் மாடு, ஸ்டார்ட் பண்ணு, சவுண்ட் கேக்கலாம்."

"நாளைக்கு சார்" என்றான் சீலன். "பெல்ட் இன்னும் மாட்டல."

பூரிப்பு இறங்கிவிட்டது. "நாளைக்குக் காலைல கெஸ்ட்டுங்கள ஏத்திக்கிட்டு ஊருக்குப் போறேன். வண்டி ரெடி இல்லேன்னா டோ பண்ணி ஓசூர் ரோடு வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பிடுவேன். மிச்ச அஞ்சும் அங்கயேதான். ஆமேல பேஜாரு மாடிக்கூடாது" என்றார். பிறகு வருத்தப்படக் கூடாது என்பதை அவர் பாதி கன்னடத்தில் சொன்னது இன்னும் கடுமையாக இருந்தது. இனிப்புப் பெட்டியை வைத்துவிட்டுத்தான் போனார்.

அப்போது நல்ல வெளிச்சம் இருந்தது. சீலன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "இப்ப ஆரம்பிச்சா இருட்டறதுக்குள்ள மாட்டிடலாம். அந்தப் பின்ன எடு."

குமரேசன் அசையவில்லை. "பூஜைல வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும் மச்சா."

"வெளயாடாத. அவரு சொன்னது கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு. அதுக்குன்னு வச்ச அன்னிக்கே எடுப்பாங்களா?"

"எனக்கு அதெல்லாம் இல்ல குமரேசா."

"உனக்கு இல்ல. எனக்கு இருக்குது. கிறிஸ்மஸ் அன்னிக்கு அவசரம்னு ஒரு பஜாஜ் வந்துச்சே, நான் ஷட்டரத் தொறந்தனா? நீ கோயிலுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ரோட்ல நிக்க வச்சனா இல்லியா?"

"அது பஜாஜ். இது அஞ்சு ஜீப்பு. என் பொழப்பு."

"எனக்கு மட்டும் இது பொழப்பில்லியா?"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்க மாமா" என்றான் சீலன். "நீங்களே சொல்லுங்கண்ணா" என்றான் குமரேசன்.

வெளியூர்க்காரனிடம் தீர்ப்புக் கேட்பது எல்லா ஊரிலும் உண்டு. கருவிகள் நான் வாங்கியவை. இலையிலிருந்து எடுக்க நான் கையை நீட்டியிருந்தால் குமரேசன் தடுத்திருக்கமாட்டான். மறுநாள் முதல் அந்த ஷெட்டுக்கு வந்திருக்கவும் மாட்டான். சீலன் தனியாக அதை நடத்தமுடியாது. அப்புறம் விசாதான். "இருக்கட்டும் சீலா. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். சீலன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

தசமியன்று விடியும்போது குமரேசன் குளித்து, ஈரத் தலையோடு ஷெட்டில் நின்றிருந்தான். கற்பூரம் காட்டி, மூன்று பின்களையும் இரண்டு கையாலும் எடுத்து சீலனிடம் கொடுத்தான். "பொட்டத் தொடச்சிக்கோ, வழுக்கும்" என்றான். சமாதானம் அவ்வளவுதான்.

சீலன் வேலை செய்வதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். முதலில் கிராங்க்கை மெதுவாகத் திருப்பி, பிஸ்டன்கள் நடுவழியில் நிற்கும்படி வைத்தான். அப்போதுதான் கேமைத் திருப்பினால் வால்வு மோதாது. கேமில் ஒரு பின் சொருகினான். பம்பில் ஒன்று. பிறகு கிராங்க்கைக் கொண்டுவந்து வண்டிக்கடியில் படுத்து மூன்றாவதைச் சொருகினான். மூன்றும் உள்ளே போனதும் பெல்ட்டை மாட்டி இறுக்கி, மானியை வைத்து நான் அளவு படித்தேன். பின்களை உருவிவிட்டு, கையாலேயே எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றினான். சுற்றிவந்து நின்ற இடத்தில் பின்கள் மறுபடி உள்ளே போகவேண்டும். கிராங்க்கில் போயிற்று. கேமில் போயிற்று. பம்பில் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் நஞ்சப்பா வந்தார். வாசலில் ஒரு காரில் விருந்தினர்கள் குளிர்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பெல்ட் மாட்டியாச்சல்லா? இன்னும் என்ன?"

"ஒரு பல்லு தப்பா இருக்கு சார். கழட்டி மாட்டணும்."

"ஒரு பல்லுதானே? ஓடாதா?"

"ஓடும். புகை விடும். மலை ஏறும்போது இழுக்காது."

"ஓடுதுன்னா ஸ்டார்ட் பண்ணு. போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"பண்ண மாட்டேன் சார்."

நஞ்சப்பா சாவிக்காகக் கையை நீட்டினார். சீலன் எண்ணெய்க் கையை டவுசரில் துடைத்துவிட்டு, சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். "கோவிச்சுக்காதீங்க. இப்பிடியே ஓட்டிட்டுப் போனா வழியில நின்னாலும் நிக்கும். நான் குடுத்த வண்டி நிக்கக்கூடாது" என்றான்.

நஞ்சப்பா கன்னடத்தில் பேசியதை அவன் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவுமில்லை. கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. மலைக்கு ஒரு வாடகை ஜீப்பைப் பிடித்து விருந்தினர்களோடு போய்விட்டார். குமரேசன் வாசலில் உடைத்த பூசணிக்காயைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

சீலன் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினான். மறுபடி மாட்டினான். இந்த முறை பம்ப் பின் சத்தமில்லாமல் உள்ளே போனது. எஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. சீரான சத்தம். கேட்கவேண்டியவர்தான் இல்லை. நாங்கள் மூவரும் அவர் வைத்துவிட்டுப் போன இனிப்பைத் தின்றோம். பிற்பகலில் அவருடைய டிரைவர் வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் ஜீப்பை எடுத்துப்போனான்.

அன்று சாப்பிடும்போது சீலன், "அங்க வெயில் ரொம்பவா மாமா?" என்று கேட்டான். "ஷெட்டுக்குள்ள ஃபேன் இருக்கும்" என்றேன். ஸ்டெல்லா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மிச்ச விடுமுறையை எல்லாரும் இப்படித்தான் கழித்தோம். அல்சூர் கோயில் தெருவில் நடந்தோம், பேக்கரியில் காரா பன் வாங்கித் தின்றோம், ஜீப்பைப் பற்றிப் பேசவில்லை.

மஸ்கட் திரும்பும் நாளில் வழியனுப்ப சீலன் வருவதாக ஏற்பாடு. காலையில் ஷெட்டைத் திறந்துவிட்டு நேராக விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றான். விசாவுக்கு வேண்டிய போட்டோக்களையும் அங்கேயே தருகிறேன் என்றிருந்தான். நான் முன்னதாகவே போய்ப் பெட்டியோடு வாசலில் நின்றேன். நேரம் போயிற்று. மூட்டைகளும் அழுகைகளுமாகக் குடும்பங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. சொன்ன நேரத்துக்கு வராதவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் என் குடும்பத்தில் பிரசித்தம். அது வரத் தொடங்கியபோது ஒரு ஆட்டோவிலிருந்து ஸ்டெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள்.

"அவரு வரலண்ணா. ஷட்டரத் தொறக்கறப்பவே வாசல்ல ரெண்டு ஜீப்பு நிக்குது."

"நஞ்சப்பாவுதா?"

"ஆமா. டிரைவர் சொன்னானாம், ஸ்டார்ட் பண்ண மாட்டேன்னு சாவிய எடுத்து வச்சுக்கிட்டானே அவன்கிட்டயே குடுன்னு ஐயா சொன்னாருன்னு."

போட்டோ கொண்டுவந்தாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் கைப்பையைத் திறக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, மறந்துபோய்விடப் போகிறதே என்ற அவசரத்தில் சொன்னாள்:

"பின்னு மூணும் சொருகிட்டுத்தான் பெல்ட்டுல கை வச்சேன்னு மாமாகிட்ட கண்டிப்பா சொல்லச் சொன்னாரு."

"சரி" என்றேன். குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. விடுவித்துக்கொண்டு, காலியாகிவிட்ட பெரிய பெட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.